மில்லில் அம்மை குத்தினேன்

வியாதியோடு வந்தவனுக்கு மருந்து கொடுத்தால் கும்பிடுவான்; வியாதியே இல்லாதவனைக் கூப்பிட்டு மருந்து கொடுத்தால் நம்மைத்தான் ஒரு வியாதியைப் போலப் பார்ப்பான். நல்ல உடம்புக்காரர்களின் பின்னால் அலைந்து வயிறு வளர்த்த என் சக கம்பவுண்டர்களே, உங்களுக்குத் தெரியாததா? முப்பதுகளில் நான் பள்ளிபாளையத்துப் பக்கம், காவிரிக் கரையில் ஒரு நூற்பாலையில் கம்பவுண்டராக இருந்தேன். கார்பாலிக் வாசனையும், சட்டையெல்லாம் ஒட்டிய பஞ்சும், மதியத்தில் ஜன்னல் வழியாக வரும் ஆற்றுக் காற்றும் இன்றைக்கும் எனக்கு ஏக்கத்தைத் தருகின்றன. ஒரு கோடைக்கு முன்னால் மானேஜர், "ஆட்கள் எல்லாருக்கும் அம்மை குத்திவிடும்" என்றார். எல்லாருக்கும் மோர் ஊற்றச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்.

எண்ணெய்ப் பிரசங்கம்

சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசினேன். யந்திரம் கெட்டுப்போன பிறகா எண்ணெய் விடுகிறோம், ஓடும்போதே விடுகிறோமல்லவா, உடம்பும் அப்படித்தான் என்று முழங்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்துப் போயிற்று. முன்வரிசையில் தூக்குப் போசியைத் திறந்து கொண்டிருந்த ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "மிசின நிறுத்திப்போட்டுத்தானுங்க எண்ணெ உடறாங்க. எங்கள எப்பங்க நிறுத்துவீங்க?"

பழனியின் கைகள்

அவர் கேட்டது நியாயம். மானேஜரிடம் மன்றாடி, குத்திக்கொண்டவர்களுக்கு அரை நாள் ஓய்வு வாங்கினேன். மூன்று மேசை போட்டோம். இரண்டே நாளில் பெயர்ப்பட்டியல் முழுக்கக் குறி போட்டாயிற்று. நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பழனி காய்ச்சலோடு வந்தான். அவன் பதிலி ஆள். வேலைக்கு வராதவரின் நம்பரில் நின்று, அவர் பேரைக் கூப்பிட்டால் 'இருக்கேனுங்க' என்பது பதிலியின் வேலை. சட்டையைக் கழற்றச் சொன்னேன். இரண்டு புஜத்திலும் தோள்வரை அம்மை குத்திய புண். மிசினுக்குப் பதிலி அனுப்புவதுபோல ஊசிக்கும் அனுப்பிவிட்டு, அரை நாள் ஓய்வை மட்டும் நேரில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் ஒருவனே மேசைக்கு மேசை மாறி ஏழு பேருக்கு நின்றிருக்கிறான். இப்படி எத்தனை பதிலிகளோ. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்: "ஏழு பேத்துக்கு வர்ற அம்மை எனக்கு இனி வராதுங்களே, அதாவது மிச்சமுங்க."

பூச்சாட்டு

மறுபடி முதலிலிருந்து தொடங்க நினைத்தபோது மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரை ஊரை விட்டு யாரும் போகமாட்டார்கள். வீடுகளில் தாளிக்கிற சத்தம்கூடக் கேட்காது. அந்த நாளில் அம்மைக்கு ஊசி என்றால் அம்மனை எதிர்ப்பதாக அர்த்தம். அதே வாரம் அக்கரையில் அம்மை வார்த்திருப்பதாகச் செய்தி வந்தது.

தொழிலாளர் லைன் வீடுகளில் செங்கோட மேஸ்திரி சொல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. அவரே டிஸ்பென்சரிக்கு வந்து, நிற்கிறபடியே, மரியாதையாகச் சொன்னார்: "கம்பம் நிக்கறப்ப அந்த ஊசிய வெளிய எடுக்காதீங்க சாமி. பதினஞ்சு நாள் பொறுங்க. நாங்க எங்கீங்க ஓடிப்போயிருவோம்?" நானும் ஊசிப் பெட்டியைப் பூட்டி வைத்தேன்.

பாவாயி

மறுநாள், நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை செய்யும் பாவாயி வந்தாள். மேஸ்திரிக்கு அடுத்த வீட்டுக்காரி. இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. முதல் குழந்தையை அம்மைக்குப் பறிகொடுத்தவள் அவள். "எனக்கு அப்பறமாக் குத்துங்க. இவளுக்கு இப்பவே குத்தீருங்க" என்றாள். எட்டாம் நாள் வாக்கில் காய்ச்சல் வரும் என்று சொன்னேன். வரட்டும் என்றாள். குத்தினேன். குழந்தைக்கு எது நேர்ந்தாலும் அம்மன் கோபம் என்றுதான் சொல்வார்கள். அதன்பிறகு அந்த மில்லில் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். பாவாயியோ அந்தப் பழியைக் காலமெல்லாம் சுமப்பாள்.

எட்டாம் நாள் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. லைனில் முணுமுணுப்பு எழுந்தது. மில்லுக்குப் பின்னால் கொட்டகையில் வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்குத் துணித்தொட்டில் கட்டியிருந்தார்கள். மேஸ்திரி அங்கே வந்து, துணியை விலக்கி, வீங்கிய சின்னக் கையைப் பார்த்தார். யார் செய்த வேலை என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாவாயிதான் பேசினாள்: "நாந்தானுங்க குத்தச் சொன்னேன். மொதப் புள்ளையக் கும்புட்டுக் குடுத்தனுங்க. இவளக் குடுக்கமாட்டேன்."

கம்பம் போன மறுநாள்

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அதற்குள் லைனில் ஆறு வீட்டில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அதில் மேஸ்திரி வீடும் ஒன்று. அவர் மனைவிக்கு வார்த்திருந்தது. பிற்பாடு பிழைத்தாள். ஒரு கண் போய்விட்டது. அடுத்த வீட்டில் பாவாயியின் மகள் ஒரு முத்துகூட இல்லாமல் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

கம்பம் ஆற்றோடு போன மறுநாள் காலை, சங்கு ஊதுமுன் டிஸ்பென்சரியைத் திறக்கப் போனேன். வாசலில் வரிசை. ஒரு பதிலிகூட இல்லை, எல்லாரும் சொந்தக் கையோடு வந்திருந்தார்கள். முதலில் மேஸ்திரி, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பதினைந்து நாளை ஏன் விட்டேன் என்றுதான் தோன்றியது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்: "அம்மாளக் கேட்டுட்டுத்தானுங்க வாரேன். அவ ஒண்ணுஞ் சொல்லுல. குத்துங்க சாமி."

பாவாயியின் மகள் இப்போது வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். எதிரில் வந்தால் நான் யாரென்றே அவளுக்குத் தெரியாது, நம் தொழிலுக்குக் கிடைக்கிற நற்சாட்சிப் பத்திரம் அவ்வளவுதான்.