பதில் கடிதம் கடைக்கு வரட்டும்

2019 தைப்பொங்கலுக்கு மறுநாள், புதன்கிழமை விடியற்காலையில், ஜெயந்தினி தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டுப் போனாள். முந்தின நாள் அவள் கணவன் கிருஷ்ணராஜ் அவளுடைய வலக்கையை வாசற்படியில் அமுக்கிவைத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் ஓங்கி அடித்திருந்தான். மூன்று விரல்கள் நொறுங்கிப்போயின. கல்யாணத்துக்கு முன் கணினி வகுப்பில் ஓடி விளையாடிய விரல்கள்.

பதுளையில் கடிதம் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்த, அண்ணன் முறையில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் அலவி அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

“ஒத்தக் கையால நீ ஒரு கடிதம் அடிச்சு முடிக்க அடுத்த பொங்கல் வந்துரும் புள்ள.”

“ரெண்டு நாள் குடுங்க நானா.”

அடிபட்டு வரும் தோட்டத்துப் பெண்களின் பொலிஸ் முறைப்பாடுகளில் பெயரும் காயமும்தான் மாறும், மற்றதெல்லாம் ஒன்றே. அதை மெக்ரோவாக்கினாள். இடக்கையால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழுக் கடிதமும் வந்து விழும். அடையாள அட்டையில் உள்ளபடி தன் பெயருக்கும் முகவரிக்கும் இன்னொரு விசை வைத்தாள். தன் முறைப்பாட்டையும் அப்படியே அடித்து அனுப்பினாள். அதில் முகவரி இன்னும் லயத்துடையதுதான் என்பதைப் படித்துப் பார்க்கவில்லை.

தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தபால் கிடையாது. எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். லயத்து ஆள் யார் கண்ணில் பட்டாலும் கொடுத்துவிடுவார்கள். விசாரணைக்கு அவளை அழைத்த கடிதம், நாளும் நேரமுமாக, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நின்ற கிருஷ்ணராஜின் கைக்கே போனது.

கடிதம் வராததால் அவள் பொலிசுக்குப் போன் போட்டு நாளைக் கேட்டுக்கொண்டாள். அந்த நாளில், பொலிஸ் வாசலுக்கு ஐம்பது அடி முன்னால், அவன் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துத் தலையை மதகில் மோதினான்.

“கடிதமாடி போடுற? கிளாக்கர் ஐயா என் கையிலதாண்டி குடுத்தாரு!”

இரத்தம் கண்ணை மறைத்தது. அவள் அவன் மணிக்கட்டைச் சதை கிழியக் கடித்தாள். கூட வந்த அலவி குடைக்கம்பு முறியும்வரை அவன் முகத்தில் விளாசினார். அவளுக்குப் பதினொரு தையல். அவனுக்கு ஆறு மாதச் சிறை. பிறகு அதே லயம்.

தையல் பிரிக்கும் முன்பே மெக்ரோவைத் திருத்தினாள். இனி எந்தப் பெண்ணின் முறைப்பாட்டிலும் பதில் முகவரி கடையுடையது.

“என் கடையத் தபால் கந்தோர் ஆக்கிட்டியே!”

“ஆமாங்க நானா. முத்திரையும் விக்கலாம்.”

2024 செப்டெம்பரில் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது:

“அக்கா, நான் நிலுக்ஷி. கிருஷ்ணராஜ இப்ப கட்டியிருக்கிறது நான்தான். பல்லு ரெண்டு போயிருச்சி. பதில் உங்க கடைக்கே வரும்னு லயத்துல சொல்றாங்க, நெசமா? நாளைக்கு மொத பஸ்ல வாறேன்.”