எக்ஸ் வரும் பத்துச் சொற்கள்

மற்ற எழுத்துகளுக்கெல்லாம் பத்துப் பத்தாக எழுதி முடித்துவிட்டேன். எக்ஸ் மட்டும் நின்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆவடியில், டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். என் மகளை அம்பத்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் சின்னச் சொற்கள் பத்து, அர்த்தத்தோடு தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் தமிழில் பதினோராம் வகுப்பு வரை படித்தவள். என்னிடம் இருந்த அகராதியில் எக்ஸில் தொடங்கும் சொற்கள் அரைப் பக்கம்கூட இல்லை. இருந்தவையும் எனக்கே வாயில் நுழையவில்லை.

பக்கத்து வீட்டு அக்காள் திருமுல்லைவாயில்காரர். அவர் மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

"இன்னாம்மா நீ, எக்ஸு முதல்லதான் வரணும்னு யாரு சொன்னது? கடைசில வந்தா ஒத்துக்க மாட்டாங்களா? எங்க பொண்ணு பாக்ஸு, ஃபாக்ஸுன்னு சொல்லிட்டு உள்ள பூந்துச்சு."

அப்படியும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வேறு வழியில்லை. ஆக்ஸ், எருது. பாக்ஸ், பெட்டி. ஃபாக்ஸ், நரி. வாக்ஸ், மெழுகு. சிக்ஸ், ஆறு. மிக்ஸ், கலப்பது. ஒன்பது வரை சேர்ந்தது. ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் பத்தாவதைக் கேட்டேன். சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஆக்சில். அச்சு," என்றார்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அச்சு என்னத்துக்கு?"

"டாங்கிக்கு வேணுமே," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கைக்குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தபடியே சொல்லிக் கொடுத்தேன். குழவி ஒரு சுற்று வந்தால் ஒரு சொல். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் வாய்ப்பாடு படித்ததும் அப்படித்தான். கணவர் ஒருநாள், "வரிசையை மாத்திக் கேட்டுப் பாரேன்," என்றார். கேட்டேன். திணறினாள். மறுபடி வரிசையாகவே சொல்லச் சொன்னேன். அவள் தடங்கலில்லாமல் ஒப்பித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அது அவளுக்காகவா எனக்காகவா என்று அன்று யோசிக்கவில்லை.

தேர்வு நாளில் கைக்குழந்தையை அந்த அக்காளிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். தலைமை ஆசிரியை மலையாளத்துச் சிஸ்டர். சில எழுத்துகளை வரிசையாகவே ஒப்பிக்கவிட்டுக் கேட்டார். பிறகு நான் எழுதிக் கொண்டுபோயிருந்த தாள்களில் எக்ஸ் பக்கத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"மோளே, மிக்ஸ் என்றால் என்ன?"

"ஆக்ஸ், எருது. பாக்ஸ், பெட்டி..."

"அது வேண்டாம். மிக்ஸ் மட்டும் சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். மறுபடி, "ஆக்ஸ், எருது," என்றாள். சிஸ்டர் மூன்றாம் முறை கேட்டபோது என் உதடுகள் தாமாகவே அசைந்தன. சிஸ்டர் கவனித்துவிட்டார்.

"அம்மா கொஞ்சம் வெளியே இருக்கணும்."

வராந்தாவில் கால் மாற்றி மாற்றி நின்றேன். கூப்பிட்டபோது சிஸ்டர் கனிவாகத்தான் பேசினார்.

"குழந்தை மனப்பாடம் செய்யுது, அர்த்தம் புரியலை. ஒரு வருஷம் கீழ் வகுப்பில் இருக்கட்டும். வீட்டில் நீங்கள் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

பஸ் நிறுத்தத்தில் வெயில். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடக்க முடியாமல் கேட்டேன்.

"மிக்ஸ்னா என்னன்னு நெஜமாவே தெரியாதா?"

"தெரியுமே. தம்பிக்கு மருந்தைத் தேன்ல போட்டு நீ கலக்குவியே, அது."

"பின்ன ஏன் சிஸ்டர்கிட்ட சொல்லலை?"

"நடுவுலேர்ந்து சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று நாலடி நடந்தேன். என்ன சொல்வது? குழந்தைக்குப் புரிகிறது, நான்தான் கெடுத்தேன் என்றா? சொன்னால் நம்புவாரா, இல்லை ஒரு தாயின் சாக்கு என்று நினைப்பாரா? கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து நேரமாகியிருந்தது. மார்பு கனத்து ரவிக்கை நனையத் தொடங்கியது.

ஆவடி பஸ் வந்தது. அவளைத் தூக்கிப் படியில் ஏற்றிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன்.