தவிட்டு வாடை

இன்று டாக்டர் கொடுத்த சத்து மாத்திரைப் புட்டியைத் திறந்ததும் ஊறவைத்த தவிட்டு வாடை அடித்தது. சிராங்கூன் சாலையோரம் எருமைக் கொட்டில்கள் இருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த அப்பா விடியுமுன் தொட்டியில் தவிடும் பிண்ணாக்கும் உளுந்தம்பொட்டும் கரைக்க, எருமைகள் மூக்கை முக்கி உறிஞ்சும் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பேன். எங்கள் தட்டிலோ நன்றாகத் தீட்டிய சயாம் அரிசிச் சோறும் ஊறுகாயும்.

"கொஞ்சம் கொள்ளு அவிச்சுத் தரவா?" என்பாள் அம்மா.

"அத மாட்டுக்குப் போடு. கப்பலேறி வந்ததே வெள்ளச் சோறு திங்கத்தான்," என்பார் அப்பா.

பிறகு அவர் கால்கள் வீங்கி மரத்துப்போயின; எருமையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் தொட்டிவரை நடந்தார். தவிட்டோடு சத்தும் போன தீட்டிய அரிசிதான் ஆளைத் தின்கிறது என்று அப்போது கொட்டிலில் யாருக்கும் தெரியாது. உடம்பு தேறட்டும் என்று அம்மா இன்னொரு கரண்டி வெள்ளைச் சோறு வைப்பாள், அவரும் மிச்சம் வைக்காமல் தின்பார். எருமைகள் பளபளவென்று கொழுத்தன.

அவர் போன அன்று வாய்க்கரிசிக்காக அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டி, ஒட்டியிருந்த தவிட்டையெல்லாம் ஊதி ஊதித் தள்ளிவிட்டு, வெள்ளையாய் இருந்ததை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள்.