வளைவில் காயும் கொள்ளு

தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ரோடு பாதியாகிவிடும். பாதி வண்டிக்கு, பாதி கொள்ளுக்கு. பிடுங்கிக் காயவைத்த கொள்ளுச் செடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மிதித்து, சாயங்காலத்துக்குள் காய் வெடித்து மணி தனியாகக் கொட்டிவிடும். எந்த வண்டிக்காரனாவது ஒதுங்கிப் போய்விட்டால் என்ன செய்வது என்று, செடி போடாத பக்கத்தில் நாலு கல்லை வரிசையாக வைத்துவிடுகிற சாமர்த்தியமும் எங்கள் ஆட்களுக்கு உண்டு. கம்பைநல்லூரிலிருந்து தருமபுரிக்குப் போகிற வழியில் இது புதுசில்லை. நானே ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வரைக்கும் இதில் எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை.

நான் ஆசைப்பட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இதே ரோட்டில் பஸ் ஓட்டியவர். ரிடையர் ஆன மறு வருஷமே பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திரும்பச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தருமபுரியில் ஒரு டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள் கை காலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி கொடுக்கிறார். "முதல் சில மாசம்தாங்க முக்கியம். வர்றது எல்லாம் இப்பவே வந்தாத்தான் உண்டு, ஒரு நாளும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரால் பஸ் படி ஏற முடியவில்லை. பெங்களூரில் வேலை செய்யும் மகன் ஒரு புதுக் காரை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, லீவு முடிந்து போய்விட்டான். வேறு ஆள் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் நான் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன்.

மகன் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான். "அம்மா, இது பழைய வண்டி மாதிரி இல்ல. வழுக்குனா அதுவே தெரிஞ்சுக்கிட்டு, எந்த வீலுக்கு எவ்வளவு பிரேக் வேணுமோ அதுவே போடும். நீ பயப்படாத. எல்லாம் அதுவே பாத்துக்கும்." டயரும் புதுசு, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் துளி தேயாமல் மொறுமொறுவென்று இருந்தது. அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிற ஒரு பொருள் வீட்டுக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. இந்த வீட்டில் எல்லாவற்றையும் நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்கு இடப்பக்கம் உட்காருவார். அதாவது, என் பக்கம் இருப்பது அவருடைய வராத கை. நான் கியரை நறநறவென்று மாற்றும்போது அவர் முகம் சுருங்கும். பழைய ஆளாக இருந்தால் காது கூசத் திட்டியிருப்பார். திட்டமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டுதான் நான் ஓட்டினேன்.

அன்றைக்குக் காலை வெயில் ஏறியிருந்தது. ஊரைத் தாண்டினால் ஒரு புளியமரம், மரத்தை ஒட்டி ரோடு வளையும். வளைவு திரும்பியதும் கண் முன்னால் இடப்பக்கம் முழுக்கக் கொள்ளு. வலப்பக்கம் கல். ஓரத்தில் ஒருத்தி ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. பிரேக் காலுக்கடியில் தடதடவென்று உதறியது. டயருக்குக் கீழே காய்ந்த செடி, அதற்கும் கீழே உருண்டை உருண்டையாகக் கொள்ளு மணி. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன், வண்டி நேராகவே போனது. இன்னும் ஒடித்தேன், அது தன் பாட்டுக்கு அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்துப் போனது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று, சின்னக் காரும் அடியில் இரண்டு நெளிகோடும் போட்டது, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் அவர் "ம்ம்... ம்ம்..." என்று அடித்தொண்டையில் முனகுகிறார். இடக்கையை என் பக்கம் நீட்டப் பார்க்கிறார், பெல்ட் இழுத்துப் பிடிக்கிறது. எட்டுகிற தூரத்தில் இருக்கிற வலக்கை மடியில் சும்மா கிடக்கிறது.

அவர் சொல்ல வந்தது என்ன என்று எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வரும் கண்டக்டரிடம் எத்தனையோ தடவை அவர் பேசிக் கேட்டதுதான். "கொள்ளு மேல ஏறிட்டா பிரேக்க மறந்துரணும்யா. முன்னாடியே வேகத்தக் கொறச்சுட்டு, காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்க ஆட்டாம புடிச்சுட்டு உக்காந்துக்கணும்." நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே கேட்டது. டீக்காரிக்கு எதற்கு அந்தப் பாடம் என்று அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன்.

அந்தப் பக்கத்துக் கொள்ளுக்காட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து தண்ணீர் குடிக்க நகர்ந்தாள். அவ்வளவுதான். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் முன் வீல் போய், முறத்தை நொறுக்கி, மண்ணில் இறங்கி நின்றது. நான் நிறுத்தவில்லை, கார் நிறுத்தவில்லை. மண் நிறுத்தியது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவளோ சாவகாசமாக வந்து, வீலுக்கடியில் கிடந்த முறத்தை இழுத்துப் பார்த்தாள். "எந்திரிச்சதுனால ஆச்சு. இல்லாட்டி எம்மேலயே ஏத்தியிருப்பீங்க போலக்கா" என்றாள், கோபமே இல்லாமல்.

எனக்குத்தான் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "ரோடு என்ன உங்க வூட்டுக் களமா? அதுவும் வளைவுல கொண்டாந்து போட்டிருக்கீங்க. யாராச்சும் செத்தாத்தான் எடுப்பீங்களா?" என்று கத்தினேன்.

"வளைவுல போடச் சொன்னதே அண்ணந்தானுங்க்கா" என்று காருக்குள் கையைக் காட்டினாள். "நேர் ரோட்டுல போட்டா அவனவன் பறக்கறான், வளைவுல போடுங்க, வண்டி தானா மெதுவா வரும், உங்களுக்கும் பயமில்லன்னு சொன்னாரு. பஸ்ஸ எடுத்துட்டு வந்தா நாங்க கேக்காமயே மேல ஏத்திட்டுப் போவாரு. அண்ணன் பஸ் ஓட்டுன வரைக்கும் கல்லுகூட வெக்க மாட்டோம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாகக் கொள்ளுச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸின் கனத்துக்குச் சரியாக இருந்த கணக்கு அது. நல்ல எண்ணத்தில் சொன்ன கணக்கும்கூட. ஆமாம் என்று சொல்லவோ, இல்லை என்று மறுக்கவோ, தப்பாகிவிட்டது, இனி வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவோ அவரிடம் வாய் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதையாவது அவர் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

நாலு பேர் தள்ளி வண்டியை ரோட்டில் ஏற்றினார்கள். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். மகனுக்குப் போன் போட்டேன். "அந்த மஞ்ச லைட் எரிஞ்சுதா?" என்றான் முதல் கேள்வியாக. எரிந்தது என்றேன். "அப்ப சிஸ்டம் நல்லா வேலை செஞ்சிருக்கும்மா." அது வேலை செய்தது, நாங்கள்தான் நிற்கவில்லை என்றேன். "டயர் ரோட்டத் தொட்டாத்தாம்மா அதுனால எதாச்சும் பண்ண முடியும்" என்றான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் போய்த் தன்மையாகவே கேட்டேன், வளைவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. சரிங்க்கா என்றாள். மறுநாள் அங்கேதான் காய்ந்தது. அவரவர் காட்டுக்கு எதிர் ரோடு அவரவருக்கு, அடுத்தவர் இடத்தில் போய்ப் பரப்ப முடியாதாம். புது முறம் வாங்கியிருந்தாள். யாரைக் குற்றம் சொல்ல? எனக்கு வண்டியை எடுக்கவே கை வரவில்லை. அடுத்த பயிற்சிக்கும் போகவில்லை. டாக்டரம்மா போன் செய்து, "போன வாரம்தான் 'அ'ன்னு ஒரு சத்தம் வந்துது, இப்ப விட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார்.

அதற்கடுத்த பயிற்சி நாளில், நான் சமையலை முடித்து வந்து பார்த்தால், அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது காலில் செருப்பு. வலது கால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்காமல் அதை வாங்கி மாட்டிவிட்டு, சாவியை எடுத்தேன்.

புளியமரம் தெரிந்தபோதே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன். வளைவில் கொள்ளு இருந்தது, கல் இருந்தது, அவளும் இருந்தாள். இந்தத் தடவை எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அந்த மட்டும் புண்ணியம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை ஆட்டாமல் பிடித்தேன். டயருக்கடியில் செடி நொறுங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. வண்டி வழுக்கினால் இப்போதும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அவராலும் முடியாது, அந்த மஞ்சள் விளக்காலும் முடியாது.

"இன்னுங் கொஞ்சம் அழுத்திப் போங்க்கா, மெதுவாப் போனா மணி உதிராது" என்று அவள் ஜன்னல் பக்கம் வந்து சொன்னாள்.

அப்போது அவர் இடக்கையால் தன் வலக்கையை மடியிலிருந்து தூக்கினார். தூக்கி, கியர் மேல் இருந்த என் கை மேல் கொண்டுவந்து வைத்தார். அது அரிசி மூட்டை மாதிரி கனத்தது. நான் கையை எடுத்தால் அது கீழே விழுந்துவிடும். கொள்ளு முடிந்து, நல்ல தார் ரோடு வந்து, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தும், அடுத்த ஊர் வரைக்கும் நான் இரண்டாவது கியரிலேயே போனேன்.