இடது தோளில் மண்வெட்டி

அன்று கிணற்றடியில் நின்றவர்கள் ஐந்து பேர். ஐயா, ஏற்றத் துலா மிதித்த வேர்வை காயாமல். அம்மா, கஞ்சிப் பானையோடு. ஐயாவின் தம்பி, எனக்குச் சின்னையா, சுன்னாகம் சந்தையால் வந்த கையோடு. அவருடைய பெண்சாதி, சின்னம்மா. பிறகு நான், எட்டு வயதுப் பெட்டை.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பங்கு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. அன்று எங்கள் முறை. ஐயா துலா மிதித்தார், கூலிக்கு வந்தவர் இறைத்தார். தண்ணீர் வாய்க்காலால் எங்கள் புகையிலைக்குப் போனது. அம்மா கஞ்சி எடுக்க வீட்டுக்குப் போனபோது வாய்க்காலைப் பார்க்க என்னை விட்டுவிட்டுப் போனார்.

நான் பார்த்தேன். காலடியில் ஓடியது தெரிந்தது. அதற்கு அப்பால் பச்சையும் மண்ணிறமும். அதற்குள் வெள்ளையாக ஒன்று வந்தது, குனிந்தது, போனது. இடது தோளில் மண்வெட்டிபோல நீட்டுக்கு ஒன்று. சின்னையாவுக்கு வலது தோள் ஏலாது. இடது தோளில்தான் வைப்பார்.

இறைத்து முடிந்து கூலிக்கு வந்தவர் போன பிறகு ஐயா வந்து பார்த்தபோது வாய்க்கால் வரம்பு உடைந்திருந்தது. தண்ணீர் முழுக்கச் சின்னையாவின் வெங்காயத்துக்குள். எங்கள் கன்றுகள் காய்ந்தபடி நின்றன.

ஐயாவுக்கு முன்பே தம்பியில் நம்பிக்கை இல்லை. காணி பிரித்த நாள் தொட்டு, எல்லை வேலிக் கதியால் நகர்ந்திருக்கிறதோ என்று போய்ப் போய்ப் பார்ப்பார்.

"ஆரைக் கண்டனி?"

"சின்னையாவை."

"வடிவாய்க் கண்டனியோ?"

"ஓம்."

சின்னையாவின் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஆறு முழம் தள்ளி நின்றார். குரல் மட்டும் வந்தது.

"அண்ணை, நான் விடியத் துவக்கம் சந்தையிலை. வேணுமெண்டால் கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுறன்."

"பிள்ளை பொய் சொல்லாது," என்றார் ஐயா.

சின்னம்மா ஐயாவோடு நேரே கதைக்க மாட்டார். அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, உவள் பெட்டை றோட்டிலை கண்டாலும் என்னைப் பாராமல் போறவள். எனக்கு அவளின்ரை கண்ணிலைதான் சந்தேகம்."

"அவளின்ரை கண்ணோ? எனக்குப் பேன் பாக்கிறது அவள். ஊசி கோக்கிறது அவள். அரிசியிலை ஒரு கல்லுத் தப்பாது," என்றார் அம்மா.

அது உண்மை. மூக்கோடு பிடித்தால் எனக்கு எல்லாம் தெரியும். கரும்பலகை தெரியாது. வாத்தியார் மொக்கு என்றார், இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பனையில் காகம் இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள். என்னை ஏய்க்கிறார்கள் என்றுதான் நினைப்பேன்.

மறுநாள் காலை சின்னம்மா அம்மாவைக் கொண்டு ஐயாவைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். சின்னம்மாவை அங்கே காணவில்லை.

"பிள்ளை, வெங்காயப் பக்கத்தாலை வாறது ஆர்?" என்றார் அம்மா.

வெள்ளை வேட்டி. தலைப்பாகை. இடது தோளில் மண்வெட்டி.

"சின்னையா."

எனக்குப் பின்னால் சின்னையா செருமினார்.

வந்த உருவம் கிட்ட வந்து தலைப்பாகையை அவிழ்த்தது. கொண்டை விழுந்தது. சின்னம்மா. அம்மா சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐயா சிரிக்கவில்லை. என்னைக் கிட்ட இழுத்தார்.

"நேற்றுப் பின்னேரம் சின்னையா வீட்டை போனனியோ?"

"ஓம்."

"என்ன தந்தவை?"

"பணியாரம்."

"பாத்தியே!" என்றார் அம்மாவிடம். "பணியாரத்தைத் தீத்திப் பிள்ளைக்குக் கண் தெரியாத கூத்துப் பழக்கியிருக்கினம்."

"அண்ணை!" என்றார் சின்னையா. பணியாரம் சின்னம்மா வழக்கமாகத் தருவதுதான். அதை நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

எனக்குச் சின்னம்மாவில்தான் கோபம். வேட்டி கட்டி மண்வெட்டி வைத்து வந்தால் யாரும்தான் ஏமாறுவார்கள், என்னை மட்டும் ஏன் பிடித்து வைத்து ஏய்த்தார் என்று. வேட்டியையும் நடையையும் வைத்துத்தான் எல்லோரும் ஆளைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு தூரத்தில் ஒருவருக்கு முகம் இருக்கும் என்பது, கலியாணத்துக்குப் பிறகு கண்ணாடி போட்டபோதுதான் தெரிந்தது. வரம்பை வெட்டியது யாரோ, எலி வளையால் உடைந்ததோ, இன்றுவரை தெரியாது.

கிணறு பங்காகவே இருந்தது. முறை தவறாமல் இரண்டு பேரும் இறைத்தார்கள். கதைக்கவில்லை. ஐயா செத்த அன்றுதான் சின்னையா எங்கள் படலையைத் திறந்து உள்ளே வந்தார்.

பதினாலு வருஷம்.