பெயர் மட்டும் எழுதவில்லை

என் வகுப்பறை அலமாரியில் ஒரு படம் இருக்கிறது. கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு சிறுமி கடலைப் பார்த்து நிற்கிறாள். நமக்குத் தெரிவது அவளுடைய முதுகும் இரட்டைப் பின்னலும்தான். கப்பலுக்கும் பெயர் இல்லை. எங்கள் தீவுக்கூட்டத்திலுள்ள சிப்பிகாட் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு இணையப் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுத்த அன்று, முன்பின் தெரியாதவர்கள் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாதபடி உங்களை வரையுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் முகத்தை வரைந்தார்கள், வீட்டு வாசலை வரைந்தார்கள். ஒருவன் அப்பாவின் ஆட்டோவை நம்பரோடு வரைந்து வைத்தான். இந்தப் படத்தை வரைந்த சிறுமி ஒருத்திதான் பாடத்தைப் புரிந்துகொண்டவள். என்னைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அம்மாவுக்குத் தூரத்துத் தீவு ஒன்றில் வேலை. எந்தத் தீவு என்று எழுதப்போவதில்லை, ஒரு தடவை எழுதியதே போதும். அங்கே சிக்னல் கிடைக்கும் மாலைகளில் அத்தையின் பழைய போனில் அம்மா பேசுவாள். மற்ற நேரத்தில் இவள் அதில் கேம் விளையாடுவாள். ஒருநாள் இடைவேளையில் என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், ஏக் பாத், ஒரே ஒரு விஷயம் சொல்லட்டா? திட்ட மாட்டீங்களே?"

கேமில் பழக்கமான யாரோ, யூனிஃபார்ம் போட்ட போட்டோ அனுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அனுப்பவில்லை. யாரும் திட்ட மாட்டார்கள், இது நமக்குள் இருக்கட்டும் என்று தைரியம் சொன்னேன். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய், அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அந்த ஆளை பிளாக் செய்தோம். மறுநாள் தலைமையாசிரியை முறைப்படி புகார் கொடுத்தார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

என் பாடம் பலித்துவிட்டது என்ற பெருமை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டேன். நாலாம் வகுப்புச் சிறுமி, அம்மாவுக்கு இன்ன தீவில் வேலை, பிள்ளை உறவினர் வீட்டில் இருக்கிறாள், எவ்வளவு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாள் பாருங்கள் என்று எழுதினேன். பெயரைப் போடவில்லை என்பதில் ஒரு திருப்தி வேறு. இங்கே புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் பெயரையா கேட்கிறோம்? எந்த ஐலண்ட், மெயின்லேண்டில் எந்த ஊர் என்றுதானே கேட்கிறோம்? நானும் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவள்தான். அப்படியிருந்தும் என் புத்திக்கு அது எட்டவில்லை.

சாயங்காலத்துக்குள் அவள் போட்டோ அனுப்பிவிட்டாள் என்று பேச்சு மாறியிருந்தது. மறுநாள் காலை அத்தை பள்ளி வாசலில் நின்றிருந்தாள்.

"பேர் போடலைன்னு சொல்றீங்க. இங்க பேர் எதுக்கு டீச்சர்? சப் கோ மாலூம், எல்லாருக்கும் தெரியும். பஸ்ல ஒருத்தி என்கிட்டயே கேக்குறா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். செய்தியை அழித்தேன், குழுவில் மன்னிப்புக் கேட்டேன், பயன் இல்லை. வீட்டில் போன் பீரோவுக்குள் போய்விட்டது. அம்மாவிடம் பேசுவதும் அதோடு நின்றது. போனை அவளிடம் கொடுங்கள் என்று கெஞ்சுவதற்காக இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், போன் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. அந்த வருடம் முடியும்வரை வேறு எந்தப் பிள்ளையும் என் மேசையருகே வந்து எதையும் சொல்லவில்லை.

அடுத்த கப்பலுக்கு டிக்கெட் கிடைத்ததும் அம்மா வந்து டி.சி. வாங்கினாள். அவள் கையெழுத்துப் போடும்வரை சிறுமி என் பக்கம் திரும்பவே இல்லை. கிளம்பும்போதுதான், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன் டீச்சர்."

இப்போதும் வருடந்தோறும் அந்தப் பாடத்தை எடுக்கிறேன். அந்தப் படத்தைக் காட்டுகிறேன். இந்த வருடம் முன்வரிசையில் இருந்த ஒருத்தி, யார் வரைந்தது என்று கேட்டாள். இங்கே படித்த ஒரு பிள்ளை என்றேன்.

"எந்த ஐலண்ட் டீச்சர்?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.