மோடத்தின் சிவப்பு விளக்கு

நாகல் நகரில் செழியன் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அடுத்த அறையில் ஒரு கட்டில். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலையை அவன் வீட்டிலிருந்தே பார்த்தான். கட்டிலில் அவன் அப்பா வீரன் கிடந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கனத்த உடம்பு. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா மாயக்காளால் தனியாக முடியாது. செழியன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போவான். தோளை அவன் பிடிக்க, இடுப்பை அம்மா பிடிப்பாள். ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டால் தோளைப் பிடிக்க ஆளில்லை.

அதனால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அவன் கண் அடுத்த அறைக் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. சில நாள் இணையம் ஒழுங்காக இருக்கும். சில நாள் காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தான். இடத்தை மாற்றினான். அடாப்டரையும் மாற்றினான். செல்போன் இணையத்தில் வேலை பார்க்கக் கம்பெனி அனுமதிப்பதில்லை.

லைன் பார்க்கிற ஃபயாஸ் பேகம்பூரிலிருந்து வருவான். அவன் வந்து சேரும் நேரத்தில் விளக்கு பச்சையாக இருக்கும். அன்றும் அப்படித்தான்.

“அண்ணே, நான் வாசப்படி மிதிச்சாலே லைன் வந்துருது. பேசாம என்னைய இங்கயே வச்சுக்கங்க. மூணு வேளை சோறு போட்டாப் போதும்.”

“சோத்துக்கென்ன அப்பு, தொட்டுக்க வெஞ்சனம்தான் இருக்காது” என்றாள் மாயக்காள்.

செழியன் சிரிக்கவில்லை. இனி லைன் போனால் ஆபீசுக்கு வர வேண்டியதுதான், இதுதான் கடைசி எச்சரிக்கை என்று அன்று காலை கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் சிவப்பு. இந்த முறை ஒயர் வரும் வழியைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினான். குழாயில் தண்ணீர் வந்த நாள். சேர்த்து வைத்திருந்த அப்பாவின் படுக்கை விரிப்புகளை அலசி, தெருக்கம்பத்திலிருந்து வரும் கறுப்பு ஒயரில் அம்மா காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்தின் கனத்தில் ஒயர் தொய்ந்து, கைப்பிடிச்சுவரின் விளிம்பில் ஒடிந்தாற்போல் மடிந்து கிடந்தது.

“கொடியில போடலாம்லம்மா?”

“அது வீட்டுக்காரம்மா கிளாரா கொடிப்பா. மூத்திரத் துணிய அதுல போட்டா அந்தம்மா மூஞ்சியச் சுளிக்குது. எம்புட்டு சோப்புப் போட்டாலும் வாடை போகலையாம். இது பழைய டிவி ஒயருதான, சும்மாதான கெடக்கு.”

செழியன் விரிப்புகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஒயரை நிமிர்த்தினான். கீழே வந்து பார்த்தான். பச்சை. துணி காய்ந்து கனம் குறைந்த பிறகுதான் ஃபயாஸ் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறான்.

உடனே மேனேஜருக்குப் போன் போட்டான்.

“சார், காரணம் தெரிஞ்சிருச்சு. இனிமே லைன் போகாது.”

“என்ன காரணம்?”

அம்மா வெறும் வாளியோடு படியிறங்கி வந்து நிலையருகே நின்றாள்.

“ஒயர்ல ஒரு மடிப்பு சார்.”

“போன மாசமும் ஒயர்னுதான் சொன்னீங்க செழியன். திங்கட்கிழமை சென்னைக்கு வந்துருங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்.”

“என்னப்பா சொல்றாக?” என்றாள் அம்மா.

“எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்கம்மா. என்னைய மட்டுமில்ல.”

மறுநாள் மாடியில் தனியாக ஒரு நைலான் கயிறு கட்டினான். அம்மா கயிற்றையும் கறுப்பு ஒயரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாயங்காலம் அப்பாவைப் புரட்டப் போனபோது அவன் கையை விலக்கினாள்.

“நீ தொடாத. நான் பாக்குறேன். நீ போனப்பெறகு நாந்தான பாக்கணும்.”

ஒரு கையைத் தோளுக்கடியிலும் மறு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் தள்ளினாள். பாதி எழும்பிய உடம்பு அவள் கையின் மேலேயே மறுபடி சாய்ந்தது. வீரன் முனகினார்.

“செத்த பொறுத்துக்கங்க” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

செழியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.